கட்டுக்கம்பியை நம்பி ஒரு லோடர்

பொள்ளாச்சி, நெகமம், ஆனைமலைப் பக்கத்து மஞ்சி (தென்னை நார்) மில் களங்களில் காலை பத்து மணிக்கு மேல் போய் நின்றால், ஒரு சின்ன டிராக்டர் கண்ணில் படாமல் திரும்ப முடியாது. சிமெண்ட் தளத்தில் காயவைத்த பித்தை, அதாவது நார்த்தூளைத் தள்ளும், கூட்டும், அள்ளும், சலிக்கும் எந்திரத்தண்டை கொண்டுபோய்க் கொட்டும். முன்னால் லோடரின் பக்கெட் தொங்கும். பின்னால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பக்கெட் உயரும்போது துடைப்பத்தோடு நிற்கும் பெண்கள் நாலடி ஒதுங்குவார்கள். வண்டி நகர்ந்ததும் உள்ளே வந்து சிந்தியதைக் கூட்டுவார்கள். பக்கெட்டும் கையும் சேரும் மூட்டை யாரும் பார்ப்பதில்லை.

பார்த்தால் தெரியும். இடது பக்கத்தில் கம்பெனி கொடுத்த பின். அதன் தலையில் ஒரு பட்டைத் தகடு பற்றவைத்து, அந்தத் தகட்டை ஒரு போல்ட்டால் லோடரின் கையோடு பூட்டியிருப்பார்கள். வலது பக்கத்தில் அந்த போல்ட் இல்லை. பின் நழுவாமல் இருக்கக் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருக்கிறார்கள். இன்னும் சில களங்களில் பின்னே இருக்காது. கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை வெட்டி, ஒரு முனையை வளைத்துச் சொருகியிருப்பார்கள். கேட்டால் பதில் தயார்: “போன வாரமே போச்சுங்ணா. கம்பியே நல்லாத்தான் நிக்குதுங்.”

நிற்கிறது என்பது பொய்யில்லை. ஒரு வாரம் நிற்கும், சில நேரம் ஒரு பருவமே நிற்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. முதல் நாளே கம்பி அறுந்து பக்கெட் விழுந்தால் யாரும் மறுநாள் கம்பி கட்டமாட்டார்கள்.

கொங்கு நாட்டில் சிறிய டிராக்டர் பரவியதற்குக் காரணம் எளிது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்றது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கருக்கும் குறைவான காட்டில் 45 குதிரைத்திறன் வண்டியைத் திருப்புவதற்குள் வரப்பு வந்துவிடும். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னைக்கு நடுவே, சொட்டுநீர்க் குழாயை மிதிக்காமல், தொங்கும் மட்டையில் இடிக்காமல் போய்வர 15 முதல் 30 குதிரைத்திறன் வண்டிதான் தோது. மஞ்சள் காட்டிலும் வாழைத் தோப்பிலும் அதே கதை. பல்லடம், உடுமலை வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலும் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் எருவை அள்ள முன்னால் ஒரு பக்கெட் இருந்தால் நாலு ஆள் வேலை மிச்சம். இந்த லோடர்களைச் செய்வதற்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. டிராக்டரில் பொருத்தும் லோடர்களைச் செய்து நாடெங்கும் விற்கும் புல் மெஷின்ஸ் கோவைக் கம்பெனிதான். இது போக, அளவு சொன்னால் பக்கெட்டும் டோசர் பிளேடும் அடித்துக் கொடுக்கிற வெல்டிங் பட்டறைகள் ஊருக்கு ஊர் உண்டு.

எந்திரம் வந்துவிட்டது. அதைப் பூட்டி வைக்கும் பின் யாருடைய பொறுப்பு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பின்னில் இரண்டு வகை உண்டு. பாரத்தைத் தாங்குவது ஒன்று. அந்தப் பின் இடத்தை விட்டு நகராமல் காவல் காப்பது இன்னொன்று. பக்கெட்டின் கனமான பின் முதல் வகை. லாக் போல்ட், வளையம் வைத்த லிஞ்ச் பின், ஆர் வடிவக் கிளிப், ஸ்ப்ளிட் பின் எல்லாம் இரண்டாம் வகை. காவல்காரப் பின் பாரம் தாங்குவதில்லை என்பது டிரைவர்களுக்கும் தெரியும். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. பாரம் இல்லையென்றால் ஆணி போதாதா என்று மனம் கேட்கும். வண்டி சும்மா நிற்கும்போது ஆணி போதும்தான். ஓடும்போது நிலைமை வேறு. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினின் அதிர்வில் மூட்டிலிருக்கும் எல்லாமே நொடிக்கு நொடி நகரப் பார்க்கும். லிஞ்ச் பின்னின் வளையம் ஸ்பிரிங் இழுப்பில் மறுபக்கம் போய்க் கவ்விக்கொள்வதால் அதிர்வு அதை வெளியே தள்ள முடியாது. ஆணிக்கு அப்படி எந்தப் பிடிப்பும் கிடையாது. வளைத்துவிட்ட முனை மெல்ல மெல்ல நிமிரும். பருமனையும் பார்க்க வேண்டும்: 11 மி.மீ. லிஞ்ச் பின் இருந்த துளையில் 4 மி.மீ. ஆணி போட்டால், குறுக்குவெட்டில் அது பழைய பின்னில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

கிரீஸ் விஷயம் இதைவிட மோசம். பக்கெட்டின் மூட்டில் பின் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி புஷ் திரும்ப வேண்டும். பித்துத் தூளும் கோழி எருவும் ஈரத்தோடு உள்ளே போய், கிரீஸ் நிப்பிளும் அடைத்துக்கொண்டால், புஷ்ஷும் பின்னும் பிடித்துக்கொள்ளும். பிறகு பக்கெட் கவிழும்போதெல்லாம் பின்னும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். தலையிலிருக்கும் லாக் போல்ட்தான் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் அந்த போல்ட் துண்டாகும். டிரைவர் இறங்கிப் பார்க்கும்போது போல்ட்டைக் காணோம், “தொலைந்துவிட்டது” என்பார். அது அறுந்தது. கிரீஸ் இல்லாமல் அறுந்த போல்ட்டுக்குக் கட்டுக்கம்பி மாற்றாக முடியாது, ஏனென்றால் போல்ட்டை அறுத்த விசை அங்கேயேதான் இருக்கிறது. பின் திரும்பத் திரும்ப, கையிலிருக்கும் துளை முட்டை வடிவத்துக்குப் போகும். பக்கெட் ஆடும். ஆட்டம் கூடினால் வெல்டிங் விடும். இருபது, முப்பது ரூபாயில் தொடங்கிய பழுது லேத்துக்கும் லைன் போரிங்குக்கும் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

சரி, பின்னை மாற்றலாம் என்று ஒருவர் பட்டறைக்குப் போகிறார். அங்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. லோடர் பின் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு இல்லை, இ.என்.8, இ.என்.19 மாதிரியான எஃகில் கடைந்து, மேல்தோலைக் கடினப்படுத்திச் செய்வது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். அவசரத்துக்கு ராடு வெட்டிக் கொடுக்கிற லேத்காரர் என்ன எஃகு என்று சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. எம்.எஸ். பின் உடனே உடையாது. தேயும், வளையும், வளைந்த பின் துளையை விட்டு வர மறுக்கும். அப்புறம் சம்மட்டிதான். பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லுக்குக் கண் இருக்கும் திசை நன்றாகத் தெரியும்.

பின்பக்கம் வந்தாலும் இதே கதைதான். அஞ்சு கலப்பை, ஒம்பது கலப்பை, ரோட்டவேட்டர் எல்லாம் டிராக்டரோடு சேர்வது மூன்று புள்ளிகளில்: கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் ஹாரி பெர்குசன். அவர் காலத்தில் கலப்பையைச் சங்கிலியாலோ கொக்கியாலோ இழுத்துக்கொண்டு போவார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் எழும்பி டிரைவர் மேலேயே கவிழும். கருவியையும் வண்டியையும் ஒரே உடம்பாக்கினால் அது நடக்காது என்பது அவருடைய யோசனை. 1939-இல் வந்த போர்டு 9என் டிராக்டரோடு அது உலகம் முழுக்கப் போனது. இன்று கோவையில் ஓடும் எந்தச் சின்ன டிராக்டரின் பின்னாலும் அதுதான் இருக்கிறது. ஆக, இந்த மூன்று புள்ளி இணைப்பு பிறந்ததே உயிர் காக்க. ஒரு பின் கழன்றால் அது மூன்று புள்ளி இல்லை, இரண்டு.

கீழ்க் கையின் பின், சிறிய டிராக்டர்களுக்கான கேட்டகிரி 1 அளவுப்படி 22 மி.மீ. பருமன், டாப் லிங்க் பின் 19 மி.மீ. பெரிய டிராக்டரின் கேட்டகிரி 2-க்கு இவை 28, 25. சின்ன வண்டிக்குப் பெரிய வண்டியின் கருவியையும், பெரிய வண்டிக்குச் சின்ன பின்னையும் மாட்டும் வழக்கம் வாடகைத் தொழிலில் சகஜம். 25 மி.மீ. துளையில் 19 மி.மீ. பின் கிடந்து ஆடும். ரோட்டவேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு பக்கத்து லிஞ்ச் பின் விழுந்தால், அந்தப் பக்கம் கருவி கையை விட்டு நழுவி டயரில் உரசும், கோணலாகத் தொங்கும், எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் இரண்டாகப் பிரிந்து சுழலும். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. வேட்டி முனை சிக்கினால் கத்துவதற்கும் நேரம் கிடைக்காது.

ரோட்டவேட்டரில் இன்னொரு சின்னச் சாமான் இருக்கிறது, ஷியர் போல்ட். உடைவதற்காகவே வைத்த போல்ட் அது. கத்தி கல்லில் மாட்டினால் கியர் பாக்ஸும் ஷாஃப்டும் தப்பிக்க அது தன்னை உடைத்துக்கொள்ளும். கொங்கு நாட்டுக் காடுகளில் கல்லுக்குக் குறைவில்லை, ஆகவே அடிக்கடி உடையும். மூன்றாம் முறை உடைந்ததும் டிரைவருக்கு எரிச்சல் வந்து, நல்ல ஹைடென்சில் போல்ட்டாகப் பார்த்துப் போட்டுவிடுவார். இனி உடையாது. அடுத்த கல்லுக்குக் கியர் பாக்ஸ் உடையும். ஓரிடத்தில் வலுவில்லாத ஆணி, இன்னோரிடத்தில் வலு கூடிப்போன போல்ட். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கையில் கிடைத்ததைப் போட்டு வண்டியை ஓட்டியாக வேண்டிய நிலைமை.

அந்த நிலைமையைப் பேசாமல் “விவசாயி அலட்சியம்” என்று முடிப்பது சோம்பேறித்தனம். இதே விவசாயி சொட்டுநீரில் ஒரு டிரிப்பர் அடைத்தால் மரத்தின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மாட்டுவண்டிக் காலத்தில் இவருடைய தாத்தா கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் காளையைப் பூட்டியதில்லை. அந்த வண்டி அவருடையது, காளை அவருடையது, பாதையும் அவருக்குத் தெரிந்தது. இப்போது கணக்கு வேறு. டிராக்டர் ஒருவருடையது, ரோட்டவேட்டர் இன்னொருவரிடம் வாங்கியது, ஓட்டுகிற தம்பிக்கு நாள் கூலியோ மணிக்கணக்கோ, காடு நான்காமவருடையது. வாடகை மணி மீட்டரில் ஓடுகிறது. பின் தேடி டவுனுக்குப் போய்வர ஆகும் ஒன்றரை மணி நேரம் யார் கணக்கு? “தம்பி, மழை வர்றாப்ல இருக்குது, சட்டுனு ஓட்டிப்போடு” என்கிறார் காட்டுக்காரர். அவர் பக்கமும் நியாயம்தான். பருவம் தவறினால் விதைப்புப் போச்சு. நான்கு பேர் கைக்கும் வந்துபோகிற ஒரு லிஞ்ச் பின்னுக்கு நான்கு பேரில் ஒருவரும் சொந்தக்காரர் கிடையாது.

விபத்து நடந்தால் சொந்தக்காரர் உடனே கிடைத்துவிடுவார். அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்குப் பதிவானால் முதலில் எழுதப்படும் பெயர் டிரைவருடையது. பின்னைக் கேட்டு வாங்கித் தராத முதலாளியின் பெயரோ, பின் இல்லாமல் கருவியைக் கொடுத்தவர் பெயரோ அந்தத் தாளில் வருவது அபூர்வம்.

வெளிநாட்டுக் கதை ஒன்று இங்கே பொருந்தும். பிரிட்டனில் மண் தோண்டும் எந்திரங்களுக்கு ஒரு வகை விரைவு இணைப்பு இருந்தது. டிரைவர் கேபினில் இருந்தபடியே பக்கெட்டைக் கவ்வவைப்பார். பிறகு இறங்கிவந்து ஒரு பாதுகாப்புப் பின்னைக் கையால் சொருக வேண்டும். சொருகினால் ஆபத்தில்லை. பலர் சொருகவில்லை. பக்கெட் கழன்று கீழே நின்றவர்கள் மேல் விழுந்து சிலர் செத்தார்கள். பயிற்சி, எச்சரிக்கை, சுவரொட்டி எல்லாம் ஆயிற்று. கடைசியில் அந்தத் தொழில் எடுத்த முடிவு வேறு: மனிதன் மறந்தால் ஆளைக் கொல்லும் இணைப்பை விற்பதையே நிறுத்துவது. 2008 வாக்கில் அந்த அரைத் தானியங்கி வகை அங்கே சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2016-இல் விரைவு இணைப்புகளின் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 13031 என்ற தரம் வந்தது. சுவீடனும் டிராக்டர் கவிழ்ந்து விவசாயிகள் சாவதைத் தடுக்க, புது டிராக்டருக்கெல்லாம் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்று 1959-லேயே சட்டம் போட்டது. பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்வதோடு அந்த நாடு நிற்கவில்லை.

இந்தியாவும் ஒரு முறை அப்படி யோசித்திருக்கிறது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு வடக்கே கோதுமைக் கதிரடிக்கும் எந்திரங்கள் பெருகி, கதிரை ஊட்டும் கைகள் உள்ளே போயின. எந்திரத்தின் வாயில் 90 செ.மீ. நீளத் தகட்டுச் சரிவு, அதில் 45 செ.மீ.க்கு மேல்மூடி என்று இந்தியத் தர நிர்ணயம் வந்தது. கை எட்டாத தூரம் அது. 1983-இல் ஆபத்தான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. தயாரிப்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் கடமைகள், கை போனவருக்கு இழப்பீடு எல்லாம் அதில் உண்டு. நல்ல சட்டம். ஆனால் அது பிறந்தது கதிரடிக்கும் எந்திரத்தை மனத்தில் வைத்து. தென்னந்தோப்பில் பக்கெட்டும் மட்டை தூளாக்கும் எந்திரமும் ஓடும் காலம் வந்தும் அந்தப் பார்வை விரியவில்லை.

ஒரு விந்தையும் உண்டு. கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு மோட்டார் கம்பெனியில் சுழலும் பெல்ட்டுக்கு மூடி இல்லையென்றால் அது குற்றம். 1948 தொழிற்சாலைகள் சட்டம் காலத்திலிருந்தே அப்படித்தான். அதே கம்பெனித் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர்க் காட்டில் மூடி இல்லாத பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கத்தில் நின்றால் கேட்க நாதியில்லை. காட்டுக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வரமாட்டார். டிராக்டருக்குப் பதிவு உண்டு. ரோட்டவேட்டருக்குப் பதிவும் கிடையாது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் கிடையாது.

இழப்பீட்டில் மட்டும் அரசுக்குக் கொஞ்சம் ஞாபகம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே டிராக்டர் கொண்டு நடக்கும் விவசாயத்தில் வேலை செய்பவர் இடம்பெற்றிருந்தார். எத்தனை டிரைவருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கான தொகையை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்துவதாக 2025 வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது. வரவேற்க வேண்டியதே. செத்த பிறகு இரண்டு லட்சம் கொடுக்க மனமுள்ள அரசு, சாகாமல் இருக்க முப்பது ரூபாய்ப் பின்னைக் கட்டாயமாக்கத் தயங்க வேண்டியதில்லை.

வழி ஏற்கெனவே இருக்கிறது. 2014-15-இல் தொடங்கிய வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் வழியாகச் சிறு, குறு விவசாயிக்குக் கருவி விலையில் பாதி வரை மானியம் கிடைக்கிறது. மானியப் பட்டியலில் ஏற, மத்தியப் பிரதேசத்தின் புத்னி, ஆந்திரத்தின் கார்லதின்னே போன்ற மையங்களில் கருவி சோதனை ஆக வேண்டும். விவசாயி வாங்கியதும் வேளாண் பொறியியல் துறையின் பொறியாளர் நேரில் வந்து பார்த்துப் படம் எடுக்கிறார். அந்தப் படத்தில் விவசாயி இருக்கிறார், எந்திரம் இருக்கிறது, மானியப் பலகை இருக்கிறது. இன்னொரு படம் சேர்க்கலாம்: ஒவ்வொரு மூட்டின் பின், அதன் காவல் பின், பி.டி.ஓ. மூடி. இவை இல்லாத கருவிக்கு மானியம் விடுவிக்கக் கூடாது. பின் ஒவ்வொன்றும் ஒரு சாண் சங்கிலியில் கருவியோடு கோக்கப்பட்டே விற்பனைக்கு வர வேண்டும். கழற்றிய பின்னை டயர் மேல் வைத்துவிட்டு மறந்து வண்டியை எடுப்பதுதான் பின் தொலைவதற்கு முதல் காரணம். சங்கிலியில் தொங்குவது தொலையாது.

கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் நடத்தும் வாடகை மையங்களில் இதைத் தொடங்குவது இன்னும் சுலபம். கருவி வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் ரசீதில் ஒரு வரி: பின் எத்தனை, காவல் பின் எத்தனை. டீசல் அளவைக் குறிக்கிறார்கள், மணி மீட்டரைக் குறிக்கிறார்கள், இதைக் குறிக்க மை தீர்ந்துவிடாது. பின் இல்லாத கருவியை மாட்டமாட்டேன் என்று டிரைவர் சொன்னால் அந்த நாள் கூலியைப் பிடிக்கக் கூடாது என்பதும் அதே ரசீதில் இருக்கட்டும்.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. சின்னப் பட்டறைக்காரர் மேல் இன்னொரு விதியைச் சுமத்தினால் விலை ஏறும், ஆய்வு என்ற பெயரில் கைநீட்டல் பெருகும், பெரிய கம்பெனிகளே பிழைக்கும் என்பார்கள். பயம் புரிகிறது. ஆனால் கேட்பது சோதனைச்சாலைச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. நாலு பின், நாலு லிஞ்ச் பின், ரெண்டு முழம் சங்கிலி. மொத்தமாக வாங்கினால் ஒரு பக்கெட்டின் விலையில் இது கண்ணுக்கே தெரியாது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லருக்கு இழுவைப் பின்னோடு பாதுகாப்புச் சங்கிலியும் போடுகிற நல்ல வண்டிக்காரர்கள் சத்தியமங்கலம், அப்பக்கூடல் பக்கம் இருக்கிறார்கள். ஒரு அதிகாரியும் அவர்களைக் கட்டாயப்படுத்தியதில்லை.

கோவைக்கு இது கௌரவப் பிரச்சினையாகவே தோன்ற வேண்டும். நாட்டின் பம்புசெட்டில் பெரும் பங்கு இங்கே பிறக்கிறது. பம்பைச் சோதிக்க சிட்டார்க் என்று தனி மையமே வைத்திருக்கும் ஊர் இது. மைக்ரான் கணக்கில் ஷாஃப்ட் கடையும் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் முறுக்குக் கம்பியில் பக்கெட் தொங்குவதைச் சகித்துக்கொள்வது வெட்கக்கேடு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. வேளாண்மையில் பணிச்சூழலியலும் பாதுகாப்பும் குறித்த அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் உண்டு; பண்ணை விபத்துகளை ஆராய்வதும் அதன் வேலை. அந்த ஆய்வுகள் அறிக்கையாக முடங்காமல், எந்தப் பின் எங்கே விட்டது என்கிற அளவுக்கு இறங்கிப் பட்டறைக்காரர் கைக்குப் போனால் நல்லது. ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் வருடா வருடம் புதுப் புதுக் கருவிகள் மின்னுகின்றன. வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறனையும் கத்தி எண்ணிக்கையையும் கேட்பதோடு, குனிந்து அந்த மூட்டையும் ஒரு முறை பார்த்து, “பின்னுக்குச் சங்கிலி எங்கீங்?” என்று கேட்டால் போதும். அடுத்த வருடம் சங்கிலி வந்துவிடும். வாங்குகிறவர் கேட்பதைச் செய்துகொடுக்கக் கோவைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விரைவு இணைப்பு லோடர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. லீவர் மடங்கிவிட்டது என்பதை மட்டும் நம்பக் கூடாது. பக்கெட்டின் அடித்துளையில் மண்ணோ எருவோ இறுகியிருந்தால் பின் பாதியிலேயே நிற்கும். லீவரோ முழுதாகப் படுத்த மாதிரி தெரியும். பக்கெட்டின் முனையைத் தரையில் லேசாக ஊன்றி அழுத்திப் பார்த்து, பிறகு இறங்கி, இரண்டு பின்னும் துளைக்கு அடியில் எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே முதல் அள்ளு. தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் போய்ப் பார்க்கவே கூடாது. ஹைட்ராலிக் குழாய்க்கும் ஆயுள் உண்டு.

காட்டுக்கு வாடகை டிராக்டர் கூப்பிடும் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. வண்டி வந்ததும் ஓட்டச் சொல்லும் முன், டிரைவரை இறங்கி எல்லாப் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆணியோ கம்பியோ கண்ணில் பட்டால் மாற்றிய பிறகு ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் நேரத்துக்கும் சேர்த்தே வாடகையைக் கொடுங்கள்.